கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் தென்காசியில் ஒரு நண்பர் இல்லத்தில் மூன்று நாள் தங்க நேர்ந்தது. குற்றாலத்தில் நீராடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனோம். ஆயின் மலைமீது பெய்த பெருமழையால் பேரருவி செந்நிற வெள்ளமாகி, பாதுகாப்பு வளைவையும் கடந்து வீழ்ந்தது. எனவே நீராடத் தடை விதித்துவிட்டனர். ஐந்தருவியிலும் அதே நிலை. வேறு வழியின்றிக் காசி விசுவநாதர் கோயில் வாயிலில் எப்போதும் வீசும் அந்தக் காற்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அவ்வீட்டில் நண்பரின் மகள் இருந்தாள். ஊரே மெச்ச மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்று, பொதிகை விரைவு வண்டியேறிச் சென்னைக்குப் போனவள், ஐந்தாம் வாரத்திலேயே காய்ச்சலும் அயர்ச்சியுமாகத் திரும்பி வந்திருந்தாள். நோயைக் காட்டிலும் அவளை வருத்தியது வேறொன்று. காலை முதல் மாலை வரை உறவினரும் அண்டை வீட்டாரும் வந்து, ஏன் வந்தாய், எப்போது போவாய், இனிப் போவாயா என்று ஒருவர் மாற்றி ஒருவர் வினவிக்கொண்டே இருந்தனர். பாட்டியார் ஒருவர்தாம் ஒன்றும் கேளாது மிளகு இரசம் வைத்துக் கொடுத்தார். அன்று மாலை திண்ணையில் அமர்ந்து, 1878ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னோம். கேட்டு முடித்தவள், இதை யாரேனும் தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று கேட்டாள். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

கிருபாபாய் அம்மையார் பம்பாய் மாகாணத்து அகமது நகரில் 1862ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஹரிபந்த் கிஸ்தி, தாயார் இராதாபாய். இருவரும் மராட்டிய அந்தணர் குலத்தவர். அம்மாகாணத்தில் அக்குலத்திலிருந்து முதன்முதல் கிறிஸ்து சமயம் தழுவியோருள் வைத்து எண்ணப்படுபவர்கள். அக்காலத்தில் அவ்வாறு சமயம் மாறுதல், வீட்டையும் உற்றாரையும் ஒருங்கே இழப்பதாகும். கணவர் எடுத்த முடிவை இளவயதினரான இராதாபாய் எவ்வளவு துயரத்தோடு பின்பற்றினார் என்பதை மகளார் பிற்காலத்தில் மனமுருக எழுதியுள்ளார். பதினான்கு மக்களுள் பதின்மூன்றாமவர் கிருபாபாய். தந்தையார் விரைவில் மறைந்தமையால், குடும்பம் தாயாராலும் மூத்த மக்களாலும் தாங்கப்பட்டது.

இவருடைய கல்விக்கு உண்மையான ஆசிரியர் தமையனார் பாஸ்கர் ஆவார். தங்கையைச் சமமாக அமர்த்தி, நூல்களைப் பற்றி உரையாடி, பெண் என்பதற்காக அறிவில் ஒரு படி குறைத்து மதிக்காத தமையனார். அவரும் இளமையிலேயே இறந்தார். அப்பிரிவு கிருபாபாயின் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிற்று. பிறகு ஐரோப்பிய மாதர் இருவர் பொறுப்பிலும், அதன்பின் பம்பாயில் ஒரு மிஷன் விடுதிப் பள்ளியிலும் இருந்து பயின்றார். பம்பாயில் அமெரிக்க மருத்துவ அம்மையார் ஒருவரோடு பழக்கம் ஏற்பட்டது. ஆண் வைத்தியர் முன் வரக் கூசி, நோயை மறைத்தே மாண்டுபோகும் பெண்கள் நாடெங்கும் நிறைந்திருந்த காலம் அது. மருத்துவம் கற்க வேண்டும் என்னும் விருப்பம் இங்கேதான் வேரூன்றியது.

இங்கிலாந்து சென்று மருத்துவம் பயில உதவித் தொகையும் கிடைத்தது. ஆனால் உடல் இடங்கொடாது. குளிர்நாடு ஆகாது என்று வைத்தியர் தடுத்தனர். ஏமாற்றம் பெரிதே. ஆயினும் வேறொரு வாயில் திறந்திருந்தது. அது பம்பாயிலன்று, சென்னையில். இதனை இக்கால மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம். 1870இல் எடின்பரோவில் மருத்துவம் பயில வந்த மாதர்களைத் தேர்வு மண்டபத்துள் நுழையவிடாது மாணவர் கலகம் செய்தனர். இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் அளிக்க இசைந்தது 1878இல்தான். சென்னை மருத்துவக் கல்லூரியோ, தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்பரின் ஆதரவால், 1875ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாவும் பம்பாயும் தம் மருத்துவக் கல்லூரிக் கதவுகளைப் பெண்களுக்குத் திறந்தது இதற்கு எட்டாண்டுகளுக்குப் பின்னரே. அந்நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய மாதர். இந்தியக் குலத்துப் பெண்களுள் அக்கல்லூரியில் முதன்முதல் அடி வைத்தவர் என்று எண்ணப்படுபவர் கிருபாபாய் அம்மையாரே. அமெரிக்கா சென்று பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி கப்பலேறியது 1883இல். அதற்கும் ஐந்தாண்டு முன்னது இது.

பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் இருப்புப்பாதை இராய்ச்சூரில் ஒன்றுசேர்ந்தது 1871இல். ஏறக்குறைய 800 மைல் தொலைவு. பதினாறு வயதுப் பெண், மராட்டியும் ஆங்கிலமும் மட்டும் அறிந்தவர், தமிழும் தெலுங்கும் ஒலிக்கும் ஒரு நகருக்கு வந்து சேர்ந்தார். வந்த காலமும் நல்ல காலமன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் வடு இன்னும் ஆறவில்லை. கஞ்சிக்காக நகரை நாடி வந்த ஏழைகளும், அவர்களைத் தொடர்ந்து வந்த வாந்திபேதியும் சென்னை மக்களின் நினைவில் பசுமையாக இருந்தன.

தங்குவதற்குக் கிடைத்த இடமே இவருடைய பெரும்பேறு. கனம் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் என்னும் சர்ச் மிஷன் குருவானவரின் இல்லத்தில் இவருக்கு இடமளித்தனர். பார்ப்பனர் அல்லாத குருமாரையும் ஐயர் என்றே விளிப்பது நம் நெல்லைச் சீமை வழக்கம்; வெளியூர் மாணவர் மயங்க வேண்டா. இவர் திருநெல்வேலி நாட்டிற் பிறந்து, பாளையங்கோட்டை மிஷன் பள்ளியிற் கற்றவர். இவர் மனைவியார் அன்னாள் அம்மையார், கடாட்சபுரத்தில் பணிபுரிந்த ஜான் தேவசகாயம் ஐயரின் மகளார். இந்தத் தேவசகாயம் ஐயரே திருநெல்வேலிச் சர்ச் மிஷனில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர். அன்னாள் அம்மையார் சென்னையில் பெண்பள்ளிகளை நடத்தியும், வீட்டைவிட்டு வெளிவராத மாதர்க்கு அவர்தம் இல்லங்களிலேயே கல்வி புகட்டியும் பெரும்பணி ஆற்றியவர். ஆகவே, அகமது நகரத்துப் பெண்ணுக்குச் சென்னையில் கிடைத்த வீடு, உண்மையில் தாமிரபரணிக் கரை மக்களின் வீடு. தென்காசிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோதுதான் அவள் முதன்முறை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புதிதாய்ச் சேர்ந்த மருத்துவ மாணவரின் முதல் வாரங்கள் எக்காலத்தும் கடினமானவையே. எலும்புகளின் பெயர்களே நூற்றுக்கணக்கு. அவை யாவும் இலத்தீனும் கிரேக்கமும் கலந்தவை. ஆயினும் 1878இன் கடுமை வேறு. இன்று சென்னை மருத்துவக் கல்லூரியில் செங்கோட்டை என்று மாணவர் வழங்கும் உடற்கூற்றுக் கட்டடம் 1897இல் எழுந்தது; அம்மையார் காலத்தில் அது இல்லை. சடலங்களைக் கெடாது காக்கும் பார்மலின் பயன்பாட்டுக்கு வந்தது 1890களில். சென்னை வெயிலில், மின்விசிறி இல்லாத கூடத்தில், பார்மலின் இல்லாத காலத்துச் சடலத்தின் முன் நின்று நரம்பையும் நாளத்தையும் பிரித்துக் கற்றனர் அந்நாளைய மாணவர். அந்தக் கூடத்திலிருந்து வீடு திரும்பி உணவின் முன் அமர்வது எத்தகையதென்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இதனோடு ஆடவர் நிறைந்த கல்லூரியில் ஓரிரு பெண்களாக அமர்ந்திருக்கும் கூச்சமும் சேர்ந்தது. ஒருவன் தேர்வில் தோற்றால் அவன் தோற்றான் என்பர். இவர் தோற்றாலோ இந்தியப் பெண்கள் அனைவரும் தோற்றதாக எண்ணுவர். எந்தப் பதினாறு வயதுத் தோளும் அச்சுமையைத் தாங்குதல் அரிது. அதுவும் இங்கிலாந்துக்குப் போக உடல் போதாது என்று வைத்தியர் முன்னமே தீர்ப்பளித்த உடல் இவருடையது. அத்தீர்ப்பைப் பொய்யாக்க வேண்டும் என்ற முனைப்பே இவரை அளவுக்கு மீறி உழைக்கச் செய்திருக்கும் என்பது நம் கருத்து. தம்மை அனுப்பினோர்க்கு நன்றி காட்டும் வழி ஓய்வின்றிப் படிப்பதே என்று நம்பும் மாணவரை ஒவ்வோராண்டும் நம் வகுப்புகளிலும் காண்கிறோம்.

ஆயினும் சென்னை இவருக்குத் துன்பமாகவே இருந்ததென்று கொள்ளற்க. பேராசிரியர்கள் இவரிடம் பரிவுடன் நடந்துகொண்டனர். சத்தியநாதன் இல்லத்தில் கல்வியும் இறைவழிபாடும் விருந்தோம்பலும் ஒருங்கே நிலவின. தமையனாரை இழந்தபின் வாடியிருந்த உள்ளம், அறிவைத் தேடும் கூட்டத்தின் நடுவே மீண்டும் மலர்ந்தது. ஆண்டிறுதியில் இரசாயனம் ஒன்று நீங்கலாக மற்றெல்லாப் பாடங்களிலும் பரிசு பெற்றார். புதிய நகரில், அறியாத மொழி பேசுவோர் நடுவில், முதலாண்டிலேயே அடைந்த வெற்றி இது.

வெற்றி வந்த அதே ஆண்டில் உடல் ஒடிந்தது. உழைப்பின் மிகுதியால் நரம்புத் தளர்ச்சியும் சோர்வும் இவரைப் படுக்கையில் வீழ்த்தின. 1879இல் படிப்பை நிறுத்திவிட்டுப் பூனாவிலிருந்த தமக்கையாரிடம் சென்றார். நல்ல காற்றும் ஓய்வும் தவிர இத்தகைய தளர்ச்சிக்கு வேறு மருந்து அந்நாளைய வைத்தியரிடம் இருக்கவில்லை. நெல்லைச் சீமையில் வெள்ளைக்கார அதிகாரிகளும் மிஷனெரிமாரும் உடல் தேற வேண்டிக் குற்றாலச் சாரலை நாடியதும் அதே நம்பிக்கையால்தான். கிருபாபாயின் உடல் ஓரளவு தேறியது. ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு அவர் மாணவியாகத் திரும்பவேயில்லை.

இவ்விடத்தில் கதையை நிறுத்துவோர் பலர். முதல் இந்திய மாணவி, பாவம், ஓராண்டில் விட்டுவிட்டார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். அவ்வரியை எழுதுகிறவர்கள், அவருக்கு அப்போது வயது பதினேழுதான் என்பதை மறந்துவிடுகின்றனர்.

உடல் தேறியபின் சென்னைக்கு மீண்டார். குருவானவரின் மகனார் சாமுவேல் சத்தியநாதன் கேம்பிரிட்ஜில் கற்றுத் திரும்பியிருந்தார். 1881இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. உதகமண்டலத்துப் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் சாமுவேல் தலைமையாசிரியர் பதவி ஏற்கவே, தம்பதிகள் நீலகிரி சேர்ந்தனர். அங்கே கிருபாபாய் வீட்டில் வாளாவிருக்கவில்லை. சர்ச் மிஷன் சங்கத்தாரின் உதவியோடு முஸ்லிம் சிறுமியர்க்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். வேறு பெண்பள்ளிகளிலும் கற்பித்தார். எழுதத் தொடங்கியதும் உதகையிலேதான். தோடர்களைக் காணச் சென்றதைப் பற்றிய கட்டுரை, இந்திய மாது ஒருவர் என்ற புனைபெயரோடு ஓர் ஆங்கில இதழில் வெளிவந்தது. பெண்கல்வியைக் குறித்தும் பல கட்டுரைகள் எழுதினார்.

கணவரின் பணி மாற்றத்தால் 1884இல் இராஜமகேந்திரி, பின்பு கும்பகோணம், 1886இல் மீண்டும் சென்னை என இடம் பெயர்ந்தனர். இராஜமகேந்திரியில் உடல்நலம் மீண்டும் கெட்டது. உடல் ஒவ்வொரு முறையும் தடுக்க, ஒவ்வொரு முறையும் எஞ்சிய வலிமையைக்கொண்டு இயன்றதைச் செய்வதே இவருடைய வாழ்க்கை முறையாயிற்று. மருத்துவராக நோயாளர் வீடுதோறும் செல்ல இயலாதவர் எழுதுகோலை எடுத்தார்.

1887, 1888ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாத இதழில் சகுணா என்னும் நவீனம் தொடர்ந்து வெளிவந்தது. மிஷன் கல்லூரி இதழொன்றில் எழுதும் நமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருகிறது. இந்தியப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில் தம் வாழ்வையே கதையாக்கி எழுதிய முதல் நூல்களுள் அது ஒன்று. தாயார் இராதாபாயின் மனப்போராட்டமும், பாஸ்கரின் அன்பும், பம்பாய் விடுதியும், சென்னையில் மருத்துவம் பயின்ற நாள்களும் அதில் பெயர் மாறி உலவுகின்றன. படிப்பு முறிந்ததை அவர் மறைக்கவில்லை. அதற்காக நாணவும் இல்லை. அடுத்து எழுதிய கமலா என்னும் நவீனம் இந்து இல்லத்து இளம் மருமகள் ஒருத்தியின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. இரு நூல்களும் 1896இல் தமிழிலும் பெயர்க்கப்பட்டன. நூறாண்டு கழித்து 1998இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தார் இரண்டையும் மறுபடி அச்சிட்டனர். கதைக் கட்டுக்கோப்பில் சகுணாவில் தளர்ச்சி உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதற்பகுதியிலுள்ள தாயாரின் சித்திரத்தை வாசித்தவர் அதனை எளிதில் மறவார்.

இறுதி ஆண்டுகள் துயரம் நிறைந்தவை. பிறந்த ஒரே குழந்தை சிசுப் பருவத்திலேயே இறந்தது. 1890இல் அன்னாள் அம்மையாரும், 1892இல் சத்தியநாதன் ஐயரும் காலமாயினர். சென்னைக்கு வந்த முதல் நாள்களில் தமக்குப் புகலிடம் தந்த இருவரும் இவ்வாறு மறைந்தனர். தம் நோய் தீராது என்று அறிந்தபின்னும் கமலாவை எழுதி முடிப்பதிலேயே கருத்தாயிருந்தார். 1894ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு.

அவர் மறைந்தபின் நண்பர்கள் கூடி, என்ன நினைவுச்சின்னம் எழுப்புவது என்று ஆலோசித்தனர். சிலை வைக்கவில்லை, மண்டபம் கட்டவும் இல்லை. நிதி திரட்டி இரண்டு ஏற்பாடுகள் செய்தனர். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆங்கிலத்தில் சிறந்து தேறும் இந்தியப் பெண்ணுக்குப் பதக்கம். மற்றொன்று, மருத்துவம் பயிலும் இந்தியப் பெண்களுக்கு உதவித் தொகை. அது நிறுவப்பட்ட இடம், ஓராண்டு படித்து அவர் விட்டுச் சென்ற அதே சென்னை மருத்துவக் கல்லூரி.

புதுக்கோட்டையிலிருந்து முத்துலட்சுமி அம்மையார் அக்கல்லூரிக்கு வந்து சேர்ந்தது 1907இல். அவரும் உடல் நலிந்தவரே. 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார்.

தென்காசிப் பெண் கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து வண்டியேறினாள் என்று நண்பர் எழுதியிருந்தார். பாட்டியார் ஒரு புட்டியில் இரசப்பொடி கொடுத்தனுப்பினாராம்.